அதெலினா வாங்கிய ஏழு வாய்தா

அம்மாவிடம் படத்தின் பெயரைச் சொன்னதும், "எம்.ஜி.ஆர். படம்தானே? அதத்தான் பாத்தாச்சே" என்றாள். 'நேற்று இன்று நாளை' என்று 1974-இல் எம்.ஜி.ஆர். படம் ஒன்று உண்டுதான். நான் போட இருந்தது அதற்குப் பதினோரு வருஷம் முந்தியது. விட்டோரியோ டி சிகா 1963-இல் எடுத்த இத்தாலியப் படம், அதற்கும் இதே பெயர். மூன்று ஊர், மூன்று பெண்கள், மூன்று தனித்தனிக் கதைகள். மூன்று பெண்களும் சோஃபியா லோரன். ஒவ்வொரு கதையிலும் அவரிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிற ஆண், மார்ச்செல்லோ மாஸ்ட்ரோயான்னி.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது சட்டக் கல்லூரி விடுதியில். பார்த்தேன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒரு லேப்டாப்பைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்து, முதல் இரண்டு கதைகளையும் ஓட்டித் தள்ளிவிட்டு, சோஃபியா லோரன் கறுப்புக் காலுறையைக் கழற்றும் அந்தப் புகழ்பெற்ற காட்சிக்கு நேராகப் போய்விட்டோம். கால் மணி நேரத்தில் படம் முடிந்தது. மெஸ்ஸில் குழம்பு தீர்ந்துவிடும் என்று எல்லோரும் எழுந்து ஓடினோம்.

இந்த முறை அம்மாவோடு, முதலிலிருந்து கடைசி வரை. அம்மா முப்பத்தோரு வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த வேலையில் பாதி, அவர்கள் பேச்சில் சொன்னால், 'கு.க.' குடும்பக் கட்டுப்பாடு. நான் பதினான்கு வருஷமாகக் குடும்ப நீதிமன்றத்தில் வழக்காடுகிறேன். ஆங்கில எழுத்தை நான் படித்துப் படித்துத் தமிழில் சொல்ல, அம்மா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து பார்த்தாள். நர்ஸும் வக்கீலும் சேர்ந்து ஒரு காதல் படம் பார்த்தால் என்ன ஆகும் என்பதைத்தான் எழுதுகிறேன். சினிமா விமர்சனம் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

முதல் கதை நேப்பிள்ஸ் நகரத்தில், ஃபோர்செல்லா என்ற பகுதியில். அதெலினா கள்ளச் சிகரெட் விற்கிறவள். இத்தாலியில் அப்போது புகையிலை அரசாங்கத்தின் ஏகபோகம். போர் முடிந்த பிறகு நேப்பிள்ஸ் சந்துகளில் கடத்தல் சிகரெட்டை ஒரு சின்ன மேஜையில் பரப்பி விற்பது பல குடும்பங்களுக்கு நிலையான பிழைப்பு. அதெலினாவின் புருஷன் கார்மினேவுக்கு வேலை இல்லை. அபராதம் கட்டாததால் வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய ஆட்கள் வருகிறார்கள். வந்து பார்த்தால் வீடு காலி. கட்டில், பீரோ எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தார் இரவோடு இரவாகத் தங்கள் வீடுகளுக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். இந்தக் காட்சியில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஜப்திக்குப் போன அமீனா (கோர்ட் ஊழியர்) வெறும் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பதை எங்கள் கோர்ட்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

தெருவிலேயே இருக்கும் ஒரு வக்கீல் விஷயத்தை விளக்குகிறார். அபராதம் அதெலினா பெயரில் இருப்பதால் ஜெயிலுக்குப் போக வேண்டியது அவள்தான். ஆனால் அவள் கர்ப்பமாக இருந்தால் சிறையில் அடைக்க முடியாது. பிள்ளை பிறந்து ஆறு மாதம் ஆகும் வரையிலும் முடியாது. இது கதைக்காக ஜோடித்த சட்டம் என்று நினைக்க வேண்டாம். இத்தாலியத் தண்டனைச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு அப்போது அப்படித்தான் இருந்தது. கவனிக்க வேண்டியது, அந்தப் பிரிவு தண்டனையை ரத்து செய்வதில்லை, தள்ளி மட்டும் வைக்கிறது. எங்கள் பாஷையில் வாய்தா. அதெலினா ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு வாய்தா வாங்குகிறாள். எட்டு வருஷத்தில் ஏழு பிள்ளை.

போலீஸ் வரும்போதெல்லாம் அவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறாள். தெருப் பிள்ளைகள் "வயிறு இருக்கு, வயிறு இருக்கு" என்று கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். ஃபோர்செல்லா முழுக்கத் திருவிழாதான். சோஃபியா லோரன் நடப்பதைப் பார்க்க வேண்டும். நிறைமாத வயிறு அவருக்குப் பட்டத்து யானையின் முகபடாம் மாதிரி இருக்கிறது.

அம்மா சிரிக்கவில்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "பிறந்து ஆறு மாசத்துக்குள்ள மறுபடியும் உண்டாகணும். அப்பத்தான் நடுவுல இடைவெளி விழாது. பால் குடுக்கிற நேரத்துல அது அவ்வளவு லேசு கிடையாது. ஏழு தடவ சரியா அமைஞ்சிருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "ஹீமோகுளோபின் என்ன கதியாயிருக்குமோ" என்றாள். படத்தில் அதெலினா ஒவ்வொரு பிரசவத்துக்கும் மெருகேறிக்கொண்டே போகிறாள், கார்மினேதான் துரும்பாக இளைத்துப்போகிறான். நகைச்சுவையின் அச்சாணியே அந்தத் தலைகீழ்தான். அம்மாவுக்கு அது செல்லுபடியாகவில்லை. ஏழு பெற்ற பெண்களை வரிசையாக உட்கார வைத்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த கை அது.

அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "சரி, இவளுக்கு ஜெயில் பயம், பெத்துக்கிறா. அந்தத் தெருவுல இருக்கிற மத்த பொம்பளைங்க மேல ஒரு கேஸும் இல்லையே. அவங்க வீட்டுலயும் ஏன்டி இத்தன பிள்ளைங்க? ஆபரேஷன் கிடையாதா அந்த ஊர்ல?"

படத்தை நிறுத்தினேன். கிடையாது. சொல்லப்போனால், அது குற்றம்.

1930-இல் முசோலினி ஆட்சியில் எழுதப்பட்ட தண்டனைச் சட்டம் அது. அப்போதைய நீதி அமைச்சர் ஆல்ஃபிரெதோ ரோக்கோவின் பெயரால் ரோக்கோ சட்டம் என்பார்கள். முசோலினிக்கு ஜனத்தொகை பெருக வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளாத ஆண்களுக்கு 1927-இலேயே தனி வரி போட்ட ஆசாமி. அந்தச் சட்டத்தில் 'இனத்தின் முழுமைக்கும் நலத்துக்கும் எதிரான குற்றங்கள்' என்று ஓர் அத்தியாயம். கருக்கலைப்பு அதில் வருகிறது. 552-ஆம் பிரிவு, பிள்ளை பெற முடியாதபடி ஒருவரைச் செய்வது குற்றம் என்கிறது. அதாவது அம்மா சொன்ன ஆபரேஷன். 553-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேல். கருத்தடைக்கு ஆதரவாகப் பிரசாரம் செய்வதே குற்றம். 1943-இல் முசோலினி விழுந்தார், 1946-இல் குடியரசு வந்தது, புது அரசியலமைப்பு வந்தது, இந்தப் பிரிவுகள் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தன. 553-ஐ அரசியலமைப்பு நீதிமன்றம் அடித்துப் போட்டது 1971-இல். மிச்ச அத்தியாயம் ஒழிந்தது 1978-இல், கருக்கலைப்பைச் சட்டப்பூர்வமாக்கிய 194-ஆம் எண் சட்டத்தோடு.

"சொல்லிக் குடுத்தாலே ஜெயிலா?" என்றாள் அம்மா. அவள் வாழ்நாள் முழுவதும் செய்தது அதைத்தான். சிவப்பு முக்கோணம் போட்ட படங்களைத் தூக்கிக்கொண்டு, சைக்கிளில், ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுத்தது. இந்தியாவில் 1952-இலேயே குடும்பக் கட்டுப்பாடு அரசாங்கத் திட்டம். இத்தாலியில் அதே காலத்தில் அம்மா மாதிரி ஒருத்தி அதே படத்தைக் காட்டியிருந்தால் வழக்கு. அம்மாவுக்கு இது பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு. "நாங்களும் சும்மாவா இருந்தோம். இந்த மாசம் இத்தன கேஸ்னு இலக்கு குடுத்திருவாங்க. அவங்க பெத்துக்கோங்கிறான், நாம பெத்துக்காதேங்கிறோம். ரெண்டு பேருமே அவளக் கேக்கல." பிறகு, "போடு, என்ன ஆச்சு பாப்போம்" என்றாள்.

இந்த இடத்திலிருந்து எனக்குப் படம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. 'பெண்ணும் காதலும்' பற்றிய ஜாலியான படம் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஜாலியான படம்தான். ஆனால் ஒவ்வொரு கதையின் அடியிலும் ஒரு சட்டப்பிரிவு உட்கார்ந்திருக்கிறது. அதைத் தூக்கி எடுத்துவிட்டால் கதை பொத்தென்று கீழே விழுந்துவிடும்.

கார்மினே படுத்துவிட்டான். அடுத்த வாய்தா கிடைக்காது. வேறு வழி, குடும்ப நண்பன் பாஸ்குவாலே. அதெலினா அவனிடம் போகிறாள். போய், கடைசி நொடியில், முடியாது என்று திரும்பிவிடுகிறாள். ஜெயிலைத் தேர்ந்தெடுக்கிறாள். இந்தப் படத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எட்டு வருஷம் தன் உடம்பை வைத்துச் சட்டத்தை ஏமாற்றியவளுக்கு, அந்த உடம்பு யாரோடு என்பதில் மட்டும் சமரசம் கிடையாது. அதை ஒரு வசனமாக நீட்டி முழக்காமல், அந்த ஒரு தயக்கத்திலும் கோபத்திலுமே முடித்துவிடுகிறார்கள். பிறகு ஊரே சேர்ந்து பணம் திரட்டி, மன்னிப்பு மனு போட்டு, அவளை வெளியே கொண்டுவருகிறது.

இந்தக் கதையை எழுதியவர் எதுவார்தோ தே ஃபிலிப்போ. நேப்பிள்ஸ் நாடக மேடையின் பெரிய ஆள். அவர் இதை முழுவதும் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. ஃபோர்செல்லாவில் கொன்செத்தா முக்கார்தி என்று ஒரு பெண், கள்ளச் சிகரெட் விற்றவர், நிஜமாகவே இப்படிப் பிள்ளை பெற்றுப் பெற்றுச் சிறைக்குப் போகாமல் தப்பித்தவர். நிஜக் கதையில் எத்தனை சிரிப்பு இருந்திருக்கும் என்று என்னால் யோசிக்கத்தான் முடிகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோவேன். ஏழு பிள்ளை பெற்ற அதெலினாவாக நடித்த சோஃபியா லோரனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. இந்தப் படம் எடுத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அவருக்கு முதல் கர்ப்பம் கலைந்தது. அவருக்கு முதல் குழந்தை பிறந்தது 1968 டிசம்பரில். அம்மாவிடம் சொன்னபோது திரையில் அதெலினா பஞ்சை வைத்துக் கட்டிய வயிற்றோடு தெருவில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தாள். அம்மா "ப்ச்" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது கதை மிலான். மூன்றில் சின்னது, எனக்கு அவ்வளவாக ஒட்டாதது. ஆல்பெர்த்தோ மொராவியாவின் சிறுகதையிலிருந்து எடுத்தது. அன்னா பெரிய தொழிலதிபரின் மனைவி, ரோல்ஸ் ராய்ஸ் ஓட்டுகிறாள். பக்கத்தில் காதலன் ரென்சோ, எழுத்தாளன். பணம் எனக்கு அலுத்துவிட்டது, எல்லாவற்றையும் விட்டு உன்னோடு வந்துவிடலாம் என்றிருக்கிறது என்று அன்னா பேசிக்கொண்டே போகிறாள். பேச்சின் நடுவே முன்னால் போகிற வண்டிகளை இடித்துக்கொண்டும் போகிறாள். பிறகு காரை அவன் கையில் கொடுக்கிறாள். ஒரு குழந்தை மேல் மோதாமல் இருக்க அவன் வண்டியை ஒடிக்க, ரோல்ஸ் ராய்ஸ் அடிபடுகிறது. குழந்தை தப்பித்ததைப் பற்றி அன்னா ஒரு வார்த்தை கேட்கவில்லை. காருக்காகக் கத்துகிறாள். வழியில் வந்த இன்னொரு காரில் ஏறிப் போயே போய்விடுகிறாள். அந்த இன்னொரு காரை ஓட்டி வருபவர் இந்தப் படத்தின் இசையமைப்பாளர் அர்மாந்தோ த்ரொவயோலி. கதாநாயகியை இசையமைப்பாளரே தள்ளிக்கொண்டு போகிற படம் வேறெங்கும் பார்த்த ஞாபகம் இல்லை.

அம்மா இந்தக் கதையில் பாதி நேரம் கொட்டைப் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "இவளுக்கு ஒண்ணுமே நடக்கலையே" என்றாள்.

சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள். 1963-இல் இத்தாலியில் கல்யாணமான ஒரு பெண் இன்னொருவனோடு உறவு வைத்துக்கொண்டால் 559-ஆம் பிரிவின்படி ஒரு வருஷம் வரை சிறை, கூடவே அவனுக்கும். ஆணுக்கு அப்படிக் கிடையாது. அவன் ஆசைநாயகியைக் கொண்டுவந்து வீட்டிலேயே குடிவைத்தாலோ, வெளியில் ஊரறியக் குடித்தனம் நடத்தினாலோதான் குற்றம். இந்தப் பாகுபாடு சரிதான் என்று அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 1961-இல் தீர்ப்புச் சொன்னது. ஏழே வருஷம் கழித்து, 1968-இல், சரியில்லை என்று மாற்றிச் சொன்னது. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய நம்முடைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு செத்தது 2018-இல். ஆகவே இத்தாலியைப் பார்த்துச் சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

அப்படியானால் சட்டப்படி அன்னாவும் அதெலினா மாதிரியே குற்றவாளி. ஆனால் மிலான் கதை முழுக்க ஒரு போலீஸ்காரன் நிழல்கூட அவள் மேல் விழுவதில்லை. சட்டம் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாத மாதிரி இருக்கிறாள். தெரிய வேண்டிய அவசியம் இல்லை. சந்தில் நாலு பாக்கெட் சிகரெட் விற்றவள் வீட்டுக்கு எட்டு வருஷம் ஆள் வருகிறது. டி சிகா இதை வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். கதைகள் மூன்றையும் எழுதியது வேறு வேறு ஆட்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் தானாக விழுந்த வெளிச்சமாகவும் இருக்கலாம்.

ஆனால் விவாகச் சட்டத்தின் கோணங்கித்தனம் டி சிகாவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தப் படத்தை எடுத்தவர்களின் சொந்த வாழ்க்கையை வரிசையாகச் சொன்னாலே நாலாவது கதை தயார். 1970 டிசம்பர் வரை இத்தாலியில் விவாகரத்து கிடையாது. தயாரிப்பாளர் கார்லோ போன்ட்டி ஏற்கெனவே கல்யாணமானவர். அவரும் சோஃபியா லோரனும் 1957-இல் மெக்சிகோவில் கல்யாணம் செய்துகொண்டார்கள், அதுவும் நேரில் போகாமல், பதிலாள் வைத்து. இத்தாலியச் சட்டத்தின் கண்ணில் அது இருதார மணம். வழக்குப் போட்டுவிட்டார்கள். தப்பிக்க 1962-இல் அந்தக் கல்யாணமே செல்லாது என்று எழுதி வாங்க வேண்டியிருந்தது. ஆக 1963-இல், இந்தப் படத்தில் நடிக்கும்போது, சோஃபியா லோரன் சட்டப்படி யாருக்கும் மனைவி இல்லை. கடைசியில் இருவரும் பிரெஞ்சுக் குடிமக்களாகி 1966-இல் பிரான்சில் முறைப்படி மணந்துகொண்டார்கள். டி சிகாவுக்கும் இரண்டு குடும்பம். அவரும் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கித்தான், 1968-இல், மரியா மெர்க்காதரைச் சட்டப்படி கட்டிக்கொண்டார். அதற்கு முந்திய வருஷங்களில் புத்தாண்டு இரவில் ஒரு வீட்டுக் கடிகாரத்தை மாற்றி வைத்துவிட்டு, இரண்டு வீட்டிலும் பன்னிரண்டு மணி கொண்டாடுவாராம்.

இதைக் கேட்டு அம்மா சிரித்த சிரிப்பு, படத்தின் எந்தக் காட்சிக்கும் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் சோஃபியா லோரன் பிறந்ததே இந்தக் குழப்பத்தின் நடுவில்தான். தகப்பன் ரிக்கார்தோ ஷிக்கோலோனே, தாய் ரொமில்டாவைக் கடைசி வரை கட்டிக்கொள்ளவில்லை. நேப்பிள்ஸ் பக்கத்தில் பொத்ஸ்வோலி என்ற ஊரில், பாட்டி வீட்டில், போர்க்காலப் பட்டினியில் வளர்ந்தவர். அதெலினாவாக அவர் கத்தும்போது வரும் குரல் நடிப்புப் பள்ளியில் கற்றது கிடையாது. அன்னாவாக அவரைப் பார்க்கும்போது எனக்கு ஒட்டாமல் போனதற்கும் காரணம் அதுவாக இருக்கலாம். உடை இருக்கிறது, தொப்பி இருக்கிறது, ஆள் வேறெங்கோ இருக்கிறார்.

சரி, மூன்றாவது கதை. ரோம். விடுதியில் நாங்கள் ஓட்டித் தேடிய கதை.

மாரா பணக்கார வாடிக்கையாளர்கள் மட்டுமே வந்துபோகும் தாசி. பியாத்சா நவோனா சதுக்கத்தைப் பார்த்த மாடி வீடு, வாசலில் பூந்தொட்டிகள். ஏன் தனி வீட்டில் தொழில் செய்கிறாள் என்பதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. லீனா மெர்லின் என்ற சோஷலிஸ்ட் பெண் செனட்டர் பத்து வருஷம் போராடிக் கொண்டுவந்த சட்டம் 1958-இல் நிறைவேறியது. அதுவரை அரசாங்க அனுமதியோடு நடந்துவந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட விடுதிகள் அந்த வருஷம் செப்டம்பர் 20-ஆம் தேதி மூடப்பட்டன. (சோஃபியா லோரனின் பிறந்த நாளும் செப்டம்பர் 20-தான். இதில் அர்த்தம் ஒன்றும் கிடையாது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) மெர்லின் சட்டம் தொழில் செய்யும் பெண்ணைத் தண்டிக்கவில்லை. அவளை வைத்துப் பிழைப்பவனைத்தான் தண்டித்தது. ஆகவே மாரா யாருக்கும் பங்கு கொடுக்காமல், யாருக்கும் பயப்படாமல், தன் வீட்டில் தானே ராணியாக இருக்கிறாள். மூன்று பெண்களில் சட்டத்தால் லாபம் அடைந்தவள் இவள் ஒருத்திதான் என்று தோன்றுகிறது.

பக்கத்து மாடியில் ஒரு தாத்தா பாட்டி, அவர்களைப் பார்க்க வந்திருக்கும் பேரன் உம்பெர்த்தோ. பாதிரியாராவதற்குப் படிப்பவன். மாராவைப் பார்க்கிறான், முடிந்தது கதை. அங்கியைத் தூக்கிப் போடுகிறேன், அவள் வேண்டாம் என்றால் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து எங்கேயாவது போய்விடுகிறேன் என்கிறான். பாட்டி முதலில் மாராவை மாடிக்கு மாடி நின்று வசைபாடுகிறாள். பிறகு அதே பாட்டி அழுதுகொண்டு அவள் வீட்டுக்கு வந்து, நீதான் அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று கெஞ்சுகிறாள். பாட்டியாக நடித்தவர் தீனா பீக்கா, கட்டைக் குரல் கிழவியாக இத்தாலியே அறிந்த முகம். இது அவருடைய கடைசிப் படம். "அந்தக் கிழவிதான்டி நடிக்குது" என்று அம்மா ஒரே வரியில் ஆஸ்கர் கொடுத்துவிட்டாள். (நிஜ ஆஸ்கர், சிறந்த அயல்மொழிப் படத்துக்கானது, 1965-இல் படத்துக்குக் கிடைத்தது.)

மாரா ஒத்துக்கொள்கிறாள். பையன் மடத்துக்குத் திரும்பிவிட்டால் ஒரு வாரம் யாரையும் தொட மாட்டேன் என்று கடவுளிடம் வேண்டிக்கொள்கிறாள். இந்த இடத்தில் ஆங்கில எழுத்தில் வந்த சொல்லை எப்படித் தமிழில் சொல்வது என்று ஒரு கணம் யோசித்தேன். விரதமா, சபதமா? அதற்குள் அம்மாவே, "நேந்துக்கிட்டாளா? அப்ப ஒரு வாரம் ஒண்ணும் கிடையாது" என்று முடித்துவிட்டாள். மொத்தப் படத்திலும் நான் விளக்கம் சொல்லத் தேவைப்படாத ஒரே இடம். நேர்ந்துகொண்டால் நேர்ந்துகொண்டதுதான். தொழில் என்ன என்பதெல்லாம் சாமி கேட்காது.

இதற்கு நடுவில் போலோன்யாவிலிருந்து வந்து வந்து தவம் கிடக்கிறான் ருஸ்கோனி. பெரிய தொழிலதிபரின் பிள்ளை, அப்பா பேச்சைத் தட்டாதவன். ரோமுக்கு அலுவலக வேலையாக வந்தால் மாராவிடம் ஓடிவருவான். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறுக்கே வருகிறது. பாட்டி வருகிறாள், பையன் வருகிறான். வாடிக்கையாளனைச் சமையலறையில் உட்கார வைத்துவிட்டு மாரா ஊர்ப் பஞ்சாயத்துப் பண்ணுகிறாள்.

கடைசியில் அந்தக் காட்சி. விடுதியில் பார்த்தபோது நான் பார்த்தது சோஃபியா லோரனை மட்டும். இப்போது பார்த்தது மாஸ்ட்ரோயான்னியை. கட்டிலில் காலை மடக்கி, முகவாய்க்கட்டையைக் கையில் தாங்கி, மத்தாப்பு கொளுத்தப்போகும் அப்பாவைப் பார்க்கும் ஆறு வயதுப் பையன் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். 'அபா-ஜூர்' என்ற பழைய மெட்டு மெதுவாக ஓடுகிறது. விளக்கு மூடி என்று அர்த்தம். அவள் ஒரு காலுறையைக் கழற்றி அவர் மேல் போடுகிறாள். அவர் ஓநாய் மாதிரி ஊளையிடுகிறார். அதில் காமம் எவ்வளவு, பண்டிகை குதூகலம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதற்காகப் பாரிஸின் கிரேஸி ஹார்ஸ் அரங்கிலிருந்து ழாக் ருவே என்ற நிபுணரை வரவழைத்து சோஃபியா லோரனுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார்கள். ஆனால் காட்சியைத் தூக்கி நிறுத்துவது மாஸ்ட்ரோயான்னியின் முகம்தான். பார்க்கிறவரின் சந்தோஷம் அவ்வளவு வெள்ளந்தியாக இருப்பதால்தான் நமக்குக் கூசவில்லை. என் அம்மாவுக்கே கூசவில்லை. "ஊளையிடுறானே பாவி" என்று பாக்கு வெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

சரியாக அந்த நேரத்தில் மாராவுக்கு நேர்த்திக்கடன் ஞாபகம் வருகிறது. இன்னும் ஒரு வாரம் கிடையாது என்கிறாள். ருஸ்கோனி கத்துகிறான், துள்ளுகிறான், அழுகிறான். கடைசியில் அவளோடு சேர்ந்து மண்டியிட்டுப் பிரார்த்தனை பண்ணுகிறான்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மாஸ்ட்ரோயான்னி புருஷனாக இளைத்துப்போகிறார், காதலனாக நடுரோட்டில் விடப்படுகிறார், வாடிக்கையாளனாக மண்டியிடுகிறார். அந்தக் காலத்தில் பெண்களை மயக்குகிறவர் என்று உலகமே பெயர் வைத்திருந்த ஒரு நடிகர், மூன்று முறையும் தோற்கச் சம்மதித்திருக்கிறார். அதுவும் இத்தனை ஆசையோடு. அந்தக் காட்சியை 1994-இல் ராபர்ட் ஆல்ட்மன் தன் படம் ஒன்றில் இருவரையும் வைத்தே மறுபடி எடுத்தார். அதே இசை, அதே காலுறை. சோஃபியா லோரனுக்கு அறுபது நெருங்கியிருந்தது, மாஸ்ட்ரோயான்னிக்கு எழுபது. அவள் கழற்றிக்கொண்டே திரும்பினால் அவர் கட்டிலில் தூங்கிப்போயிருக்கிறார். இரண்டு வருஷத்தில் நிஜமாகவே போய்விட்டார்.

சைக்கிள் திருடு போன ஏழையின் கதையை 1948-இல் எடுத்து உலகத்தை அழவைத்த டி சிகா, இந்த மாதிரிப் படங்களில் சோரம் போய்விட்டார் என்று ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. அவருக்குச் சூதாட்டப் பழக்கம் இருந்தது, பணம் தேவைப்பட்டது, எல்லாம் உண்மை. மிலான் கதையைப் பார்க்கும்போது எனக்கும் அது சரி என்றுதான் படுகிறது. ஆனால் ஃபோர்செல்லாவில், ஜப்திக்கு வந்தவர்கள் காலி வீட்டைப் பார்த்து நிற்கும்போது, சைக்கிளைத் தேடி அலைந்த அதே ஆளின் கண்தான் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறது. என்ன, இந்தத் தடவை ஏழைக்குச் சாமான்கள் திரும்பக் கிடைத்துவிடுகின்றன.

மறுநாள் காலை நான் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா தன்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிநேகிதியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். மாராவையும் காணோம், அன்னாவையும் காணோம். ஓநாய்கூட இல்லை. பழைய பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். "பேரு அதெலினா. எட்டு வருஷத்துல ஏழு. ஆமா, ஏழும் உயிரோட. ஏழும் நார்மல்."